துடைத்த பிறகும் தெரிந்த பொட்டு

ஜெனிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வழியில்லை. நீ பின்பக்கம் தலைக்குக் குளித்துக்கொண்டே பாடுவது இங்கே முன்னறை வரைக்கும் கேட்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரன் இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உன் அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள். பந்தல்காரனுக்குக் கணக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நம்பவில்லை என்பது அவள் போன வேகத்திலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குத்தான் இது பதில். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பத்திரிகை வைக்க வேண்டும் என்று இசக்கியின் அம்மா ஆசைப்பட்டு, நாம் எல்லோரும் வேன் வைத்துப் போய்விட்டு வந்தோம் இல்லையா? திரும்பும்போது ஒரகடம் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு நீ மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாய். "அப்பா, மனசத் தொட்டுச் சொல்லு. உனக்கு இதுல சம்மதமா, இல்ல நான் அழுதேன்னு ஒத்துக்கினியா? இல்லன்னா இப்பவே சொல்லிடு, தேதியத் தள்ளி வெச்சுக்கலாம். நீ மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு நிக்கறதப் பாத்துக்கினு என்னால மேடையில நிக்க முடியாது." நான் என்ன செய்தேன்? மண்டபத்துக்காரனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த செல்போனை ஏதோ தொலைந்து போனதைத் தேடுவதுபோல் அமுக்கிக்கொண்டே இறங்கிவிட்டேன். அதிலிருந்து நீ என்னோடு சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று உன் அம்மாவிடம், தேதியைத் தள்ளி வைப்பது பற்றி இசக்கியிடம் பேசப்போவதாகச் சொன்னாயாம். அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. வாயால் சொல்ல வராததை எழுதியாவது கொடுத்துவிட வேண்டும் என்று இன்றைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் எழுதினால் நீ நம்ப மாட்டாய். உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்பாய். அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் நீயும் இருக்கிறாய். ஆனால் இருந்தது உனக்கு இன்றுவரை தெரியாது.

என் வேலை என்னவென்று நீ கல்லூரியில் கேட்டவர்களிடமெல்லாம் "அப்பா பிளேட் கழுவுற கம்பெனியில இருக்காரு" என்று சொல்லிச் சிரித்தவள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளேட் சோறு போடுகிற பிளேட் இல்லை, தாயே. பெரிய பெரிய உலைகளின் கதவுக்கு உள்பக்கம் பதிக்கிற, எவ்வளவு சூட்டையும் தாங்குகிற பிளேட். பீங்கானையே நூலாக இழுத்து, துணியாக நெய்து, அந்தத் துணியை ஒருவிதப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துச் சூளையில் ஏற்றுவார்கள். சரியான சூட்டில் சரியான நேரம் வெந்தால் அந்தப் பிசினும் பீங்கானாகவே மாறிவிடும். அப்புறம் அது கல்லு மாதிரி. பாதியில் சூளையை அணைத்துவிட்டால் உள்ளே பிசின் கொஞ்சம் பச்சையாகவே தங்கிவிடும். பார்த்தால் தெரியாது, தட்டினால் தெரியாது. வாங்கிப் போனவன் உலையில் மாட்டி நெருப்பு மூட்டின பிறகுதான் புகைந்து, அடுக்குப் பிரிந்து, பிளந்துகொள்ளும். அப்போது கதவுக்கு எதிரில் நிற்பவன் கதி என்ன?

முன்பெல்லாம் ஒவ்வொரு லாட்டிலும், அதாவது சூளையில் ஒரே தடவையில் சேர்ந்து வெந்தவற்றில், ஒரு பிளேட்டை உடைத்துப் பார்ப்போம். உடைத்தது நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நல்லதைத்தானே உடைத்தோம் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். அப்புறம் அந்த அகச்சிவப்பு மெஷின் வந்தது. அகச்சிவப்பு என்பதும் ஒரு வெளிச்சம்தான், கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் முதுகு காய்கிறதே, அதில் பாதி இதன் வேலை. அதைப் பிளேட்டின் மேல் பாய்ச்சினால் ஒவ்வொரு பொருளும் தனக்கு வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வருவதைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாக வரைந்து காட்டும். பிசின் பச்சையாக இருந்தால் கோட்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மேடு எழும். நன்றாக வெந்திருந்தால் அந்த இடம் சமமாகக் கிடக்கும். உடைக்க வேண்டாம், கீற வேண்டாம். எனக்கு அந்த மெஷினை அவ்வளவு பிடித்துப்போனது.

ஒரே ஒரு தொல்லை. அந்த மேடு எழுகிற அதே இடத்தில் எண்ணெய்ப் பசை எதற்கும் மேடு எழும். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், மத்தியானம் சாப்பிட்ட வடை, பவுடர், எதுவாக இருந்தாலும் சரி. அதனால்தான் என் ரூமுக்குள் யாரும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வரக்கூடாது என்று கத்துவேன். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பார்கள், என் மெஷின் பக்கம் மட்டும் சந்தனக் கிண்ணத்தோடு யாரும் வரக்கூடாது. "சார் வேதக்காரரு, அதான் வேணாங்கறாரு" என்று வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பாதிரியாரே வந்து எண்ணெய் பூசினாலும் விடமாட்டேன் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

இசக்கிமுத்து அப்போது சூளை ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் ஒரே அறையில் ஊர்க்காரப் பையன்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரூம் சாவி வாங்க நம் வீட்டுக்கு ஒரு தடவை வந்தான், நீதான் தண்ணீர் கொடுத்தாய். அதற்கப்புறம் தண்டலத்தில் உன் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். நாலுவழிச் சாலைக்காக அங்கே எல்லாவற்றையும் தோண்டிப் போட்டிருந்தார்கள், என் ஸ்கூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தது, அதனால் நன்றாகவே பார்த்தேன். பேசிக்கொண்டு நின்றிருந்தால்கூட விட்டிருப்பேன். நீ மேற்கே பார்க்கிறாய், அவன் கிழக்கே பார்க்கிறான், வாயே திறக்கவில்லை, ஆனால் இரண்டு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் சித்தப்பா அரிவாளைத் தூக்காத குறையாகக் குதிப்பான். இந்தப் பையன் ஊரைப் பார்க்கப் போய்விட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நீயும் அம்மாவும் வந்தீர்கள். பொரி, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். சாயங்காலமே இசக்கி ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். லீவு முடிந்து கம்பெனி திறந்ததும், பூஜைக்கு முன்னால் சூளையிலிருந்து தட்டு வண்டியோடு அப்படியே வெளியே இழுத்து நிறுத்தியிருந்த லாட் என் மேஜைக்கு வந்தது. முதல் பிளேட்டை வைத்தேன், மேடு. இரண்டாவது, மேடு. மேல்தட்டில் இருந்த பிளேட் எல்லாவற்றிலும் மேடு. கீழ்த்தட்டில் இருந்தவை சுத்தமாக இருந்தன.

மேனேஜர் வந்து பார்த்தார். "இன்னா சார் இதுல யோசிக்க கீது? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சூளைய சீக்கிரம் ஆஃப் பண்ணிட்டுப் போய்ட்டான். மேல் பக்கம் சூடு பத்தல, அதான்" என்றார். சூட்டைப் பதிவு செய்கிற பேனாவில் மை தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது, அதனால் அவன் எப்போது அணைத்தான் என்று காட்ட எதுவும் இல்லை. அன்றைக்குத்தான் ஊரிலிருந்து திரும்பி பையோடு நேராக வேலைக்கு வந்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டார்கள். "முழுசா ஓட்டிட்டுத்தான் சார் எறக்குனேன். சந்தேகமா இருந்தா ஒண்ண ஒடச்சிப் பாருங்க சார்" என்றான். எண்ணி வைத்த மாதிரி ஆர்டர், உடைக்க ஒன்றுகூட அதிகம் கிடையாது. மேனேஜர் முடியாது என்றுவிட்டார். "எறக்கின பிறகு யாராச்சும் பிளேட்டத் தொட்டாங்களா?" என்று நான் கேட்டேன். அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் தொடல சார்" என்றான். செக்யூரிட்டி அவனை கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் உட்காரவைத்தார். நான் ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மத்தியானத்துக்குள் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

உன்னிடம் மறைக்கப்போவதில்லை ஜெனி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாமலே நான் கேட்டது கையில் வந்து விழுந்த மாதிரி. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அந்தக் கீழ்த்தட்டு என்னை விடவில்லை. சூளைக்குள் மேல் பக்கம்தான் எப்போதும் சூடு அதிகம். சூடு பத்தாமல் போயிருந்தால் கீழே இருப்பதுதானே முதலில் பச்சையாக இருக்க வேண்டும்? மேனேஜருக்கு இது தெரியாமல் இல்லை, அவசரத்தில் யோசிக்கவில்லை. மேல்தட்டு என்பது மனுஷன் கைக்கு எட்டுகிற உயரம் என்பதுதான் என் மனசில் உறுத்தியது. நாங்கள் எப்போதும் பிளேட்டின் நடுவில் மட்டும்தான் பார்ப்போம், ஸ்டாண்டு அப்படி அமைந்திருந்தது. நான் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு ஒரு பிளேட்டைக் கையால் பிடித்து மூலையில் வெளிச்சம் விழும்படி வைத்தேன். கோடு சமமாக ஓடியது. இன்னொரு மூலை, அதுவும் சமம். நடுவுக்கு வந்தால் மட்டும் மேடு. என் ரூமில் இருக்கும் சின்ன அடுப்பில் ஒரு பிளேட்டை வைத்து, சூளைச் சூட்டோடு பார்த்தால் ஒன்றுமே இல்லாத சூட்டில் கொஞ்ச நேரம் வாட்டி எடுத்தேன். மேடு போயே போய்விட்டது. பச்சைப் பிசின் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. அப்புறம் இன்னொரு பிளேட்டை எடுத்து, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மூக்கை வைத்து முகர்ந்தேன். அவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு நாய் மாதிரி முகர்ந்தேன். லேசாகச் சந்தன வாசம்.

அப்போது எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சூளைப் பக்கம் போய் எந்த மடையன் பிளேட்டுக்குப் பொட்டு வைத்தது என்று கத்தினேன். அங்கே பெருக்குகிற தனம்மாள்தான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். "இன்னா சார் நீ, இப்படிக் கத்துற? உம் பொண்ணுதான் சார் வெச்சுச்சு. நாங்க கிண்ணத்தக் குடுத்து சூளைக்கு வைம்மான்னோம். அது அழகா வரிசையா கீற பிளேட்டுக்கெல்லாம் வெச்சுக்கினே போச்சு. கொயந்த ஆசையா வைக்குது, யாரு தடுப்பா? அது போனப்புறம் அந்த இசக்கித் தம்பிதான், அய்யோ சார் திட்டுவாரேன்னு, மெஷின் தொடைக்கிற வேஸ்ட் துணியால எல்லாத்தையும் தொடச்சுச்சு." "அத ஏன் அவன் சொல்லல?" என்றேன். "நீங்க விசாரிக்கறப்ப இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன் சார், நான் இன்னிக்கு லேட்டாத்தான் வந்தேன். வரும்போது கேட்டுல பாத்தேன், தம்பி யாருகிட்டயும் சொல்லாதக்கான்னு கையப் புடிச்சுக்கினு கெஞ்சுச்சு. நீ கேட்ட, நான் சொல்லிட்டேன்" என்றாள். பூஜையன்று நீ கை முழுக்கச் சந்தனத்தோடு எங்களிடம் வந்து நின்றதும், "கோயிலுக்குப் போனவ மாதிரி வந்து நிக்கிறா பாரு" என்று அம்மா சொல்லிச் சிரித்ததும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேனேஜரிடம் போனேன். பிளேட் எல்லாம் நன்றாக இருக்கிறது, சூளை முழுசாக ஓடியிருக்கிறது, நடுவில் இருப்பது சந்தனமும் வேஸ்ட் துணியின் எண்ணெயும் என்று கோட்டைக் காட்டிச் சொன்னேன். "யாரு வெச்சது?" என்றார். "என் பொண்ணு சார்" என்றேன். அவர் முதலில் முறைத்தார், அப்புறம் சிரித்துவிட்டார். "ரூமுக்குள்ள ஒரு பொட்டு வைக்க விடமாட்டீங்க, வீட்லருந்தே ஆள் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கீங்க" என்றார். ஒரு மாசம் அந்தக் கேலி ஓயவில்லை. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

கேட்டுக்கு எதிர்க் கடையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இசக்கி உட்கார்ந்திருந்தான். முன்னால் டீ ஆறிப்போயிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன்டா சொல்லல?" என்றேன். "என்னத்த சார்?" என்றான். "சந்தனத்த." ஆறின டம்ளரைத் தள்ளி வைத்தான். அப்புறம் சொன்னான். "மேனேஜர் முன்னால வச்சி உங்க வீட்டுப் பிள்ளைதான் வச்சிதுன்னு எப்படி சார் சொல்லுதது? உங்களுக்குல்லா சார் அசிங்கம். எனக்கு என்ன சார், வேற கம்பெனி கிடைக்காமலா போவுது." எனக்குத் தெரியும், அவன் அனுப்புகிற சம்பளத்தில்தான் ஊரில் அடுப்பு எரிகிறது என்று. அவனுக்கும் தெரியும் எனக்கு அது தெரியும் என்று. நான் எழுந்தபோது பதறிக்கொண்டு, "சார், ஜெனிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார், மனசு கஷ்டப்படும்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கம்பெனியில் எல்லோருக்கும் நீ சாரோட பொண்ணு. வீட்டில் கூப்பிடுகிற பேர் அவன் வாயில் எப்படி வந்தது? காது வரைக்கும் சிவந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கேட்காத மாதிரி, "டீயக் குடிச்சிட்டு உள்ள வா. ஷிஃப்ட்டுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போதே எனக்குச் சம்மதம் வந்துவிட்டது, ஜெனி. நீ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். நீ வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ என்னடாவென்றால் மூன்று வருஷம் கழித்து வந்து, நான் ஏதோ வெட்டப்போகிறவன் மாதிரி என் முன்னால் நின்று அழுதாய். எனக்குக் கோபம். இத்தனை நாள் மறைத்தாளே என்று கோபம். அதனால்தான் யோசிக்க வேண்டும் என்று ஒரு வாரம் பிகு பண்ணினேன். யோசிக்க ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறேன் என்பாய். நீ போகப்போகிறாய் என்பதால்தான். இசக்கிக்குத் திருச்சிப் பக்கம் வேலை மாறியதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை, நான்தான் முதலில் மிட்டாய் வாங்கினேன். ஆனால் காலையில் நான் கிளம்பும்போது "கை கழுவினியாப்பா" என்று கேலி பண்ண இனிமேல் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இதை நினைத்தால் பந்தல்காரன் மேல் எரிந்து விழுகிறேன், வாழைமரக்காரன் மேல் எரிந்து விழுகிறேன். உன் மேல் எரிந்து விழ முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். சம்மதம் இல்லாத முகம் இப்படி இருக்காது, அம்மாடி. இது உன்னை அனுப்ப மனசு வராத முகம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பெரிய தியாகம் என்று ரொம்பத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எனக்கு அதில் மனசு உருகியது உண்மை. ஆனால் அந்தக் கீழ்த்தட்டை நான் கவனிக்காமல் விட்டிருந்தால் அவன் வேலையும் போய், கெட்ட பேரும் வந்து, உனக்கு ஒன்றும் தெரியாமலே எல்லாம் முடிந்திருக்கும். எதையும் தன் மேல் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிற ஆள் அவன். நானும் அந்த ஜாதிதான், பார்த்தாயே, வேனை விட்டு இறங்கி ஓடினவன். எங்களை மாதிரி ஆட்கள் பேசாமல் இருந்தால் மெஷின் வைத்தெல்லாம் பார்க்க முடியாது. விடாமல் கேள். நீ ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேட்ட மாதிரி நேராகக் கேள். அவன் டீக்கடையில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் போய்க் கேள்.

குளியலறையில் பாட்டு நின்றுவிட்டது. தலை துவட்டிக்கொண்டு வரப்போகிறாய். இதை உன் பட்டுப்புடவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நான் பந்தல்காரனைப் பார்க்கப் போகிறேன். படித்துவிட்டு எதுவும் பேச வேண்டாம், மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். தேதியைத் தள்ளுகிற பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிடு.

இன்னொன்று. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம் பிடிக்க உன் சித்தி மகளைச் சொல்லியிருக்கிறார்கள். நான் மாற்றிவிட்டேன். நானே பிடிக்கப்போகிறேன். இத்தனை வருஷத்தில் என் நெற்றியில் யாரும் சந்தனம் வைத்து நீ பார்த்திருக்க மாட்டாய். நீ மேடை ஏறுவதற்கு முன்னால் வாசலுக்கு வந்து, அன்றைக்குப் பிளேட்டுக்கெல்லாம் வைத்தாயே, அதே மாதிரி ஒன்று எனக்கும் வைத்துவிட்டுப் போ.

துடைக்க மாட்டேன்.

அப்பா